காஃபீனில் நன்றாக இருந்த குறைமாதக் குழந்தைக்குத் திடீரென்று ஆப்னியா கூடினால், கிருமித்தொற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

எஸ்என்சியூ_செவிலி (கேள்வி)

வணக்கம். 30 வாரத்தில் பிறந்த, 1250 கிராம் குழந்தை என்று வைத்துக்கொள்வோம். மூச்சைத் தூண்டும் காஃபீன் மருந்து போய்க்கொண்டிருக்கிறது, குழாய் வழியாகத் தாய்ப்பால் முழு அளவு ஏறிவிட்டது. ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு முறை மூச்சு நிற்கும் (இதுதான் ஆப்னியா), உள்ளங்காலைத் தொட்டால் சரியாகிவிடும். 12-ஆம் நாள் ஒரே ஷிப்டில் ஐந்தாறு முறை நிற்கிறது, ஒரு முறை பேக்-மாஸ்க் (கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை) போட வேண்டியிருக்கிறது. காய்ச்சல் இல்லை.

குறைமாதத்தால் வரும் சாதாரண ஆப்னியாவா, செப்சிஸா (ரத்தத்தில் பரவிய கிருமித்தொற்று) என்பதை எதை வைத்து முடிவு செய்வது? டாக்டர் வருவதற்குள் செவிலியர் என்னென்ன செய்து வைக்கலாம்? பாக்டீரியாவைத் தவிர வேறு எந்தக் கிருமிகளை நினைக்க வேண்டும்? ஆப்னியா கூடிய எல்லாக் குழந்தைக்கும் எல்.பி. (முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுப்பது) தேவையா? மாவட்ட மருத்துவமனை வசதியில் நடக்கிற மாதிரி சொல்லுங்கள்.

---

பச்சிளம்_வார்டு_டாக்டர்

சிஸ்டர், நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. எண்ணிக்கை கூடியிருக்கிறது, தொட்டால் சரியானது இப்போது பேக் கேட்கிறது. இப்படிப் போக்கு மாறினால், வேறு காரணம் உறுதியாகும்வரை தொற்று என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. 1500 கிராமுக்குக் கீழே உள்ள குழந்தைகளில் செப்சிஸ் காய்ச்சலோடு வருவது குறைவு. உடம்பு சில்லிடுவதும், வெப்பநிலை ஏறி இறங்குவதும்தான் அதிகம்.

முதலில் பிறந்து எத்தனை நாள் என்று பாருங்கள். குறைமாத ஆப்னியா பெரும்பாலும் 2-ஆம் நாளுக்கும் 7-ஆம் நாளுக்கும் இடையே தொடங்கும். முதல் 24 மணி நேரத்திலேயே மூச்சு நின்றால் அதைக் குறைமாதத்தின் தலையில் கட்டாதீர்கள்: பிறப்போடு வந்த செப்சிஸ், மூச்சுத்திணறிப் பிறந்தது, தாய்க்குப் போட்ட மெக்னீசியம் சல்பேட், தலைக்குள் ரத்தக்கசிவு இவற்றைத் தேட வேண்டும். ஒரு வாரம் அமைதியாக இருந்துவிட்டுப் புதிதாக வந்தாலும் அப்படியே. நிறைமாதக் குழந்தைக்கு ஆப்னியா வந்தால், எந்த நாளாக இருந்தாலும், நோய் இருக்கிறது என்றே பொருள்.

தொற்றுக்கும் மூச்சுக்கும் என்ன தொடர்பு என்று தெரிந்தால் காஃபீன் ஏன் திடீரென்று போதாமல் போகிறது என்பது புரியும். கிருமி உள்ளே வந்ததும் இன்டர்லூகின்-1பீட்டா உயர்கிறது. அது மூளைக்குள் நேராக நுழைவதில்லை. ரத்தக்குழாய்ச் சுவரைத் தூண்டி புரோஸ்டாகிளாண்டின் ஈ2-ஐ உருவாக்குகிறது. அந்தப் புரோஸ்டாகிளாண்டின் மூளைத்தண்டில் உள்ள மூச்சு மையத்தை அமுக்குகிறது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆய்வாளர்கள் 2007-இல் இதைக் காட்டினார்கள். பிறவி இதயக்கோளாறுக்குப் புரோஸ்டாகிளாண்டின் ஈ1 மருந்து ஓடும் குழந்தைகளுக்கு மூச்சு நிற்பதும் இதே குடும்பத்து விளைவுதான். காஃபீன் அடைப்பது அடினோசின் ஏற்பிகளை; புரோஸ்டாகிளாண்டின் வழியாக வரும் அமுக்கத்தை அது நேராகத் தடுப்பதில்லை. அதனால், ஆப்னியா கூடியதும் காஃபீனை இன்னொரு முறை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து. ஏற்றலாம், ஆனால் காரணத்தைத் தேடுவது அதே நேரத்தில் நடக்க வேண்டும்.

காஃபீன் கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். காஃபீன் சிட்ரேட் முதல் டோஸ் கிலோவுக்கு 20 மி.கி., 24 மணி நேரம் கழித்துத் தினமும் கிலோவுக்கு 5 முதல் 10 மி.கி. பிறந்த எடைக்குப் போட்ட டோஸை எடை ஏறிய பிறகும் மாற்றாமல் விடுவது, ஷிப்ட் மாறும்போது ஒரு டோஸ் விட்டுப்போவது, சிட்ரேட் அளவையும் வெறும் காஃபீன் அளவையும் குழப்பிக்கொள்வது (20 மி.கி. சிட்ரேட்டில் இருப்பது 10 மி.கி. காஃபீன்) மூன்றும் வழக்கமாக நடக்கும் தவறுகள். ஆனால் டோஸில் குறை கண்டுபிடித்ததும் "இதுதான் காரணம்" என்று கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்காமல் விட்டுவிடக் கூடாது.

---

ஷிப்ட்_இன்சார்ஜ்

செவிலியர் செய்ய வேண்டியதை மட்டும் எழுதுகிறேன்.

மூச்சு நின்றால் கழுத்தை நேராக்கி, தோளுக்கு அடியில் மெல்லிய துணிச்சுருள் வைத்து, உள்ளங்காலிலோ முதுகிலோ மெதுவாகத் தேய்க்க வேண்டும். உலுக்கக் கூடாது. வாயில் பால் தெரிந்தால் மட்டும் உறிஞ்சுங்கள்; தொண்டைக்குள் ஆழமாக சக்‌ஷன் குழாய் விட்டால் அதுவே பிராடியை (இதயத்துடிப்பு குறைவதை) கொண்டுவரும். தூண்டியும் மூச்சு வராவிட்டால் பேக்-மாஸ்க், நிமிடத்துக்கு 40–60, குழந்தை ஏற்கெனவே எந்த ஆக்ஸிஜன் அளவில் இருந்ததோ அதே அளவில் தொடங்கி. குழந்தை தேறியதும் ஏற்றிய ஆக்ஸிஜனைப் பழைய அளவுக்கு இறக்க மறந்துவிடுகிறோம். சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்ஸிஜன் சதவீதம்) 90–95-க்குள் இருக்கட்டும்; 99-இல் மணிக்கணக்காக ஓடினால் விழித்திரைக்குக் கேடு.

அடுத்து, ஐந்து நிமிடத்தில் முடியக்கூடியவை. அக்குள் வெப்பநிலை 36.5–37.5-க்குள் இருக்கிறதா? வார்மரின் தோல் ப்ரோப் கழன்றிருந்தால் குழந்தை சூடாகிவிடும், சூடே ஆப்னியா தரும். குளிர்ந்த குழந்தையை வேகமாகச் சூடேற்றினாலும் மூச்சு நிற்கும். குளுக்கோமீட்டரில் 45-க்குக் கீழே இருந்தால் உடனே சொல்லுங்கள். ஓ.ஜி. குழாய் (வாய்வழி வயிற்றுக்குப் போகும் குழாய்) மேலே ஏறி வந்திருக்கிறதா, சிபேப் (மூக்கு வழியாகத் தொடர்ந்து அழுத்தக் காற்றுக் கொடுப்பது) இருந்தால் மூக்கு ப்ராங் அடைத்திருக்கிறதா, கழுத்து மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் ஏதாவது இருந்து, சரிசெய்ததும் ஆப்னியா அடங்கினால் நல்லது. அடங்காவிட்டால் தொற்றைத் தேடத் தொடங்கிவிட வேண்டும்.

வயிற்றைத் திறந்து பாருங்கள், டயப்பருக்கு மேலே தடவிப் பார்த்தால் போதாது. சிபேப் காற்றால் உப்பிய வயிறு மென்மையாக இருக்கும், தோல் நிறம் மாறாது. இறுகிய வயிறு, மின்னும் தோல், தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, பச்சை நிற ஆஸ்பிரேட் (வயிற்றுக் குழாயில் உறிஞ்சி எடுத்தது), மலத்தில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த ஃபீடை நிறுத்தி வைத்துவிட்டுக் கூப்பிடுங்கள். என்.இ.சி. (குறைமாதக் குழந்தையின் குடல் அழுகும் நோய்) பல நேரம் வயிற்றில் தெரிவதற்கு முன்பே ஆப்னியாவாகத்தான் தலைகாட்டுகிறது. கேனுலா போட்ட இடம், லாங் லைன் (பெரிய ரத்தக்குழாய்வரை போகும் மெல்லிய குழாய்) நுழையும் இடம், தொப்புள், மூட்டுகள் எல்லாவற்றையும் பாருங்கள். ஒரு காலை மட்டும் அசைக்காமல் வைத்திருந்தால் அந்த இடுப்பு மூட்டில் சீழ் இருக்கலாம்.

ஆப்னியா சார்ட்டில் "ஆப்னியா +" என்று எழுதுவதால் யாருக்கும் பயனில்லை. நேரம், எத்தனை விநாடி, இதயத்துடிப்பும் சாச்சுரேஷனும் எவ்வளவு வரை இறங்கின, நிறம், அப்போது குழந்தை என்ன செய்துகொண்டிருந்தது (ஃபீட், கங்காரு, தூக்கம், சக்‌ஷன்), தானாக மீண்டதா, தொட வேண்டியிருந்ததா, பேக் தேவைப்பட்டதா. மூன்று ஷிப்டை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால்தான் போக்கு தெரியும்.

மானிட்டரை நம்புவதிலும் ஒரு கவனம் வேண்டும். அது நெஞ்சு அசைவைத்தான் அளக்கிறது. தொண்டை அடைத்து மூச்சு நின்றால் நெஞ்சு அசைந்துகொண்டே இருக்கும், ஆப்னியா அலாரம் அடிக்காது. பிராடியும் சாச்சுரேஷன் இறக்கமும்தான் முதலில் தெரியும். குறைமாதக் குழந்தைகளில் மத்தியக் காரணமும் அடைப்பும் கலந்த வகையே அதிகம் என்பதால், "ஆப்னியா அலாரம் இல்லை, வெறும் பிராடி" என்று ஒதுக்க வேண்டாம்.

---

நுண்ணுயிர்_ஆய்வகம்

கல்ச்சர் பற்றிச் சொல்கிறேன். பல இடங்களில் எல்லாம் சரியாக நடந்து இந்தப் படியில்தான் வீணாகிறது.

குழந்தைகள் பாட்டிலுக்குக் குறைந்தது 1 மி.லி. ரத்தம் வேண்டும். 0.3, 0.5 மி.லி. அனுப்பிவிட்டு "ஸ்டெரைல்" என்று வந்தால் அந்த முடிவுக்குப் பெரிய மதிப்பு இல்லை. ரத்தத்தில் கிருமி குறைவாக இருந்தால் அந்தச் சொட்டுக்குள் ஒன்றுகூட வராமல் போகலாம். சின்னக் குழந்தைக்கு 1 மி.லி. அதிகம் என்று தயங்குகிறவர்கள், தேவையில்லாத பரிசோதனைகளைக் குறைத்து அந்த ரத்தத்தை இதற்குக் கொடுங்கள்.

ஆன்டிபயாடிக் முதல் டோஸுக்கு முன்பே எடுங்கள். பழைய கேனுலாவிலிருந்து எடுக்காதீர்கள், புதிதாகக் குத்துங்கள். தோலை ஆல்கஹாலில் துடைத்து, பிறகு போவிடோன் அயோடின் பூசி, காயும்வரை விடுங்கள். ஈரத்தில் குத்தினால் கிருமி சாகாது, பிறகு கோயாகுலேஸ்-நெகட்டிவ் ஸ்டாஃபிலோகாக்கஸ் வளர்ந்து எல்லோரையும் குழப்பும். காரியம் முடிந்ததும் அயோடினைத் துடைத்துவிடுங்கள், குறைமாதத் தோல் அதை உறிஞ்சும். பாட்டிலின் ரப்பர் மூடியையும் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். மத்திய லைன் இருந்தால் லைனிலிருந்து ஒன்று, வெளிநரம்பிலிருந்து ஒன்று. பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது.

தானியங்கிக் கருவியில் உண்மையான நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை 36 மணி நேரத்துக்குள் காட்டிவிடும். கிராம்-நெகட்டிவ் கிருமிகள் இன்னும் முன்னாலேயே வரும்.

சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதம்) பற்றி ஒரு வேண்டுகோள். அது உயர 10–12 மணி நேரம் ஆகும். ஆப்னியா கூடிய உடனே எடுத்த சி.ஆர்.பி. நார்மல் என்று நிம்மதி அடையக் கூடாது. 24 மணி நேரம் கழித்து மறுபடியும் எடுங்கள். இரண்டும் நார்மலாக இருந்து, கல்ச்சரும் வளராமல் இருந்தால் பாக்டீரியா செப்சிஸ் இல்லை என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். நம் ஊரில் வழக்கமான செப்சிஸ் ஸ்கிரீன் (வெள்ளணு 5000-க்குக் கீழே, நியூட்ரோஃபில் குறைவு, முதிராத நியூட்ரோஃபிலுக்கும் மொத்த நியூட்ரோஃபிலுக்கும் உள்ள விகிதம் 0.2-க்கு மேல், மைக்ரோ ஈ.எஸ்.ஆர். 15 மி.மீ.க்கு மேல், சி.ஆர்.பி. 1 மி.கி./டெ.லி.க்கு மேல், இவற்றில் இரண்டு) ஆன்டிபயாடிக்கை நிறுத்தத்தான் அதிகம் உதவும். குழந்தை கண்ணெதிரே வாடுகிறது என்றால் ஸ்கிரீன் முடிவுக்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது.

---

பிஜி_குழந்தைநலம்

எங்கள் யூனிட்டில் இப்படிப்பட்ட குழந்தைக்கு நேராக மெரோபெனெம், வான்கோமைசின் தொடங்குவதுதான் வழக்கம். கல்ச்சர் வருவதற்குள் குழந்தை போய்விடக் கூடாது என்ற பயம். இதில் என்ன தவறு?

---

பச்சிளம்_வார்டு_டாக்டர்

பயம் நியாயமானதுதான். கிராம்-நெகட்டிவ் செப்சிஸ் சில மணி நேரத்தில் குழந்தையைக் கொண்டுபோய்விடும். மருந்தை உடனே தொடங்குவதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. எந்த மருந்து, எத்தனை நாள் என்பதில்தான்.

மேலைநாட்டுப் புத்தகத்தில் முதல் இடம் குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கும் ஈ. கோலைக்கும். இங்கே படம் வேறு. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2016-இல் வெளியானது: முதல் இடம் அசினெட்டோபாக்டர் 22 சதவீதம், அடுத்து கிளெப்சியெல்லா 17, ஈ. கோலை 14. அசினெட்டோபாக்டரில் பத்தில் எட்டு பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதது. செப்சிஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு முதல் 72 மணி நேரத்திலேயே வந்தது, அதாவது பிரசவ அறையிலும் வார்டிலும் கைவழியாகப் பரவியது நிறைய. மெரோபெனெத்தை முதல் மருந்தாக எல்லோருக்கும் போட்டுப் போட்டுத்தான் அதற்கும் அடங்காத கிளெப்சியெல்லா வார்டில் குடியேறுகிறது. அடுத்த குழந்தைக்குக் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே உங்கள் வார்டின் சென்ற ஆண்டுக் கல்ச்சர் பட்டியலை ஆய்வகத்திடம் கேட்டு வாங்கி, அதன்படி முதல் வரிசை மருந்தை முடிவு செய்யுங்கள். ஷாக், ஸ்க்ளிரீமா (தோல் இறுகிக் கெட்டியாவது), வென்டிலேட்டர் தேவை என்ற நிலையில் உள்ள குழந்தைக்குப் பரந்த மருந்து நியாயம். ஆப்னியா கூடியிருக்கிறது, மற்றபடி ஓரளவு நன்றாக இருக்கிறது என்றால் முதல் வரிசையே போதும். மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரினை வழக்கமாக்காதீர்கள். கேண்டிடா பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். 36–48 மணி நேரத்தில் கல்ச்சர் வளரவில்லை, குழந்தை தேறிவிட்டது, இரண்டாவது சி.ஆர்.பி.யும் நார்மல் என்றால் நிறுத்திவிடுங்கள். "தொடங்கிவிட்டோம், ஏழு நாள் முடிப்போம்" என்பதற்கு அடிப்படையே இல்லை.

கேண்டிடாவை நினைக்க வேண்டிய குழந்தை: 1000 கிராமுக்குக் கீழே, லைன் உள்ளது, நீண்ட நாள் ஆன்டிபயாடிக் ஓடியது, பிளேட்லெட் இறங்குகிறது, சர்க்கரை காரணமில்லாமல் ஏறுகிறது. ரத்தத்தில் கேண்டிடா வந்தால் லைனை எடுத்துவிட வேண்டும், கண், சிறுநீரகம், தண்டுவட நீர் மூன்றையும் பார்க்க வேண்டும்.

---

சிறார்_தொற்றுப்பிரிவு

வைரஸ்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாக்டீரியாவைத் தேடி ஒன்றும் கிடைக்காமல் "கல்ச்சர் நெகட்டிவ் செப்சிஸ்" என்று முத்திரை குத்தும் குழந்தைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது இவைதான்.

ஆர்.எஸ்.வி. (மூச்சுப்பாதையைத் தாக்கும் வைரஸ்) முதலில். குறைமாதக் குழந்தைக்கு, குறிப்பாகக் கர்ப்ப வாரங்களையும் பிறந்த பிறகான வாரங்களையும் கூட்டினால் 44 தாண்டாதபோது, இருமலோ மூச்சிரைப்போ வருவதற்கு முன்பே ஆப்னியாவாக வரும். மூக்கில் லேசாக நீர், அவ்வளவுதான் இருக்கும். குரல்வளையில் சளியோ பாலோ பட்டால் மூச்சை நிறுத்தும் அனிச்சைச் செயல் இந்த வயதில் இயல்பாகவே வலுவானது. வைரஸ் அதை இன்னும் கூர்மையாக்குகிறது. சளி பிடித்த ஒரு பாட்டியோ ஒரு செவிலியரோ போதும், வார்டு முழுக்கப் பரவ. வைரஸ் கட்டில் கம்பியிலும் ஸ்டெதாஸ்கோப்பிலும் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். மருந்து கிடையாது; ஆக்ஸிஜன், சிபேப், காத்திருப்பு. நிரூபணமான ஆர்.எஸ்.வி.க்கு பாக்டீரியாச் சான்று இல்லாமல் ஆன்டிபயாடிக்கைத் தொடர்வது வீண். ரைனோ, இன்ஃபுளுவென்சா, கோவிட் வைரஸ்களும் இதே மாதிரி வரலாம்.

கக்குவான் இருமல். பச்சிளம் குழந்தையில் அந்த இழுத்த "ஊப்" சத்தம் கேட்காது. முகம் சிவந்து, நீலமாகி, மூச்சு நின்றுபோகும்; இரண்டு ஆப்னியாவுக்கு இடையில் குழந்தை நன்றாகவே இருக்கும். இதுதான் ஏமாற்றும். வெள்ளணு 30,000 தாண்டி, அதில் லிம்போசைட் மிகுந்திருந்தால் உடனே நினையுங்கள். வீட்டில் யாருக்காவது இரண்டு வாரமாக விடாத இருமல் உண்டா என்று கேளுங்கள். மூக்கின் பின்புறத்திலிருந்து பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை) அனுப்பி, முடிவுக்குக் காத்திராமல் அசித்ரோமைசின் கிலோவுக்கு 10 மி.கி. தினம் ஒருமுறை, 5 நாள். ஒரு மாதத்துக்குக் கீழே எரித்ரோமைசின் வேண்டாம், பைலோரிக் ஸ்டினோசிஸ் (இரைப்பை வாய் அடைப்பு) வரும் அபாயம் உண்டு. வீட்டில் உள்ளவர்களுக்கும் மருந்து கொடுக்க வேண்டும்.

சிக்குன்குனியா. பரவும் பருவங்களில் இதை மறக்கக் கூடாது. பிரசவத்தை ஒட்டிய ஓரிரு நாட்களில் தாய்க்குக் காய்ச்சலும் மூட்டுவலியும் இருந்தால், பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் வைரஸ் இருக்கும் நிலையில் ஏறக்குறைய பாதிக் குழந்தைகளுக்குத் தொற்றும், சிசேரியன் தடுக்காது. 2005–06-இல் ரீயூனியன் தீவில் இது தெளிவானது. குழந்தை பிறந்தபோது நன்றாக இருக்கும். 3 முதல் 7-ஆம் நாளுக்குள் காய்ச்சல், பால் குடிக்காமை, தொட்டாலே அழுகை, கைகால் வீக்கம், ஆப்னியா, பிளேட்லெட் குறைவு. மூக்கு கறுப்பது பிறகுதான் வரும், அதற்காகக் காத்திருக்க வேண்டாம். முதல் வாரத்தில் ஆர்.டி.-பி.சி.ஆர். அனுப்புங்கள்.

ஹெர்ப்பிஸ் இங்கே அரிது என்றாலும் விட்டால் மூளை போய்விடும். ஒன்றிலிருந்து மூன்று வார வயதில் ஆப்னியா, வலிப்பு, கல்லீரல் என்சைம் உயர்வு, கல்ச்சர் வளரவில்லை. கொப்புளம் இல்லாமலும் வரும், தாய்க்கு அறிகுறி இருந்திருக்காது. அசைக்ளோவிர் கிலோவுக்கு 20 மி.கி., 8 மணி நேரத்துக்கு ஒருமுறை, பி.சி.ஆர். முடிவு வரும்வரையாவது. பாரெக்கோவைரஸும் ஒன்று உண்டு: காய்ச்சல், திட்டுத்திட்டாகச் சிவப்பு, ஆப்னியா, ஆனால் தண்டுவட நீரில் அணுக்களே இருக்காது, பி.சி.ஆர். இல்லாமல் பிடிபடாது.

---

எஸ்என்சியூ_செவிலி

எல்லோருக்கும் நன்றி. எல்.பி. பற்றி யாரும் சொல்லவில்லையே டாக்டர். ஏற்கெனவே மூச்சு நிற்கிற குழந்தையை மடக்கிப் பிடிக்கப் பயமாக இருக்கிறது. இன்னொன்று, கண் பரிசோதனை அன்றும் தடுப்பூசி அன்றும் ஆப்னியா கூடுகிறதே, அப்போதும் இவ்வளவையும் செய்ய வேண்டுமா?

---

பச்சிளம்_வார்டு_டாக்டர்

பிறந்து 72 மணி நேரத்துக்குப் பிறகு, ஆப்னியாவோடு செப்சிஸ் சந்தேகம் என்றால் எல்.பி. வேண்டும். பச்சிளம் குழந்தை மூளைக்காய்ச்சலில் மூன்றில் ஒன்றில் ரத்தக் கல்ச்சர் வளராது. எல்.பி. செய்யாவிட்டால் 21 நாள் கொடுக்க வேண்டிய மருந்தைப் பத்து நாளில் நிறுத்திவிடுவோம். ஆனால் குழந்தை நிலையாக இல்லை என்றால், பிளேட்லெட் மிகவும் குறைவு என்றால், மருந்தைத் தொடங்கிவிட்டு எல்.பி.யை ஓரிரு நாள் தள்ளுங்கள். கல்ச்சர் வளராவிட்டாலும் அணுக்களும் சர்க்கரையும் சொல்லிவிடும்.

பிடிக்கும் முறைதான் முக்கியம். கழுத்தை மடக்கவே கூடாது. இடுப்பை மடக்கினால் போதும், முதுகு வளையும். பக்கவாட்டில் படுக்கவைத்தோ, உட்காரவைத்துத் தலையை நேராகத் தாங்கியோ செய்யலாம். பிடிப்பவரின் கண் முழுக்க சாச்சுரேஷனில் இருக்க வேண்டும், பேக்-மாஸ்க் தலைமாட்டில் தயாராக இருக்க வேண்டும். ஃபீட் முடிந்த உடனே செய்யாதீர்கள். எடுத்த நீரை உடனே ஆய்வகத்துக்குக் கொடுத்து அனுப்புங்கள். இரண்டு மணி நேரம் மேசையில் இருந்தால் அணு எண்ணிக்கையும் சர்க்கரையும் இறங்கி, முடிவு பொய் சொல்லும். ரத்தச் சர்க்கரையை எல்.பி.க்கு முன்பே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிறுநீர்க் கல்ச்சரும் 72 மணி நேரம் தாண்டிய குழந்தைக்குத் தேவை. பையில் பிடித்தது செல்லாது, கதீட்டரிலோ அடிவயிற்றில் ஊசி குத்தியோ எடுக்க வேண்டும்.

கண் பரிசோதனைக்குப் பிறகு ஓரிரு நாள் ஆப்னியா கூடுவது தெரிந்ததுதான். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தால் வயிறும் உப்பும், ஃபீட் ஏறாது. அதனாலேயே என்.இ.சி.யோ என்று குழம்பும். முதல் வாரங்களில் ஆப்னியா அதிகம் இருந்த குழந்தைக்குப் பென்டாவேலன்ட் (கக்குவான் உட்பட ஐந்து நோய்களுக்கான தடுப்பூசி) போட்ட பிறகு 48–72 மணி நேரம் இப்படியே இருக்கலாம். அதற்காகத் தடுப்பூசியைத் தள்ளாதீர்கள். கக்குவான் வந்தால் வரும் ஆப்னியா இதைவிடப் பல மடங்கு மோசம். குழந்தை இன்னும் வார்டில் இருந்தால் மானிட்டரில் வைத்துப் போடுங்கள். இந்தக் குழந்தைகளில் இரண்டு ஆப்னியாவுக்கு நடுவே நிறம், துடிப்பு, வயிறு, கைகால் அசைவு எல்லாம் முன்போலவே இருந்து, பேக் தேவைப்படாவிட்டால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதித்துக் கவனிக்கலாம். ஒரு முறை பேக் போட நேர்ந்தாலும், மந்தமாகத் தெரிந்தாலும், ஊசி போட்ட நாள் என்று பார்க்காமல் கல்ச்சர் எடுங்கள்.

---

ஷிப்ட்_இன்சார்ஜ்

வீட்டுக்கு அனுப்பும்போது ஒன்று. காஃபீன் நிறுத்திய மறுநாளே அனுப்பக் கூடாது. குறைமாதக் குழந்தையில் அதன் பாதி கழியவே நான்கு நாள் ஆகும். 5–7 நாள் ஆப்னியா இல்லாமல் பார்த்துவிட்டு அனுப்புங்கள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது: சளி, இருமல் உள்ள யாரும் தூக்கக் கூடாது, முத்தம் வேண்டாம், தூக்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். மூச்சு நின்று உதடு நீலமானாலும், இரண்டு ஃபீட் தொடர்ந்து சரியாகக் குடிக்காவிட்டாலும், உடம்பு சில்லிட்டாலும் காலைவரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.